நிறுத்துகிற பட்டன்

என் வீட்டுக்காரர் முனிராஜுக்குக் குடி கிடையாது, பீடி கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் அம்மா அவரை என் தலையில் கட்டினாள். பெங்களூர் அல்சூரில் எங்கள் தெரு முனையிலேயே வீடியோ கேம் பார்லர் ஒன்று வரப்போகிறது என்று பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

பெயர்தான் வீடியோ கேம். சின்னப் பசங்க ஓட்டுகிற கார் ரேஸ் ஒன்று வாசலோரம் பேருக்கு நிற்கும். மற்றதெல்லாம் காசு மெஷின். டோக்கன் போட்டால் மூன்று சக்கரம் சுற்றும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பட்டன், அமுக்கினால் அந்தச் சக்கரம் நிற்கும். மூன்றிலும் மணிப் படம் வந்து நின்றால் டோக்கன் கொட்டும். அதைக் கவுன்டரில் காசாக்கிக்கொள்ளலாம்.

அடுகோடிப் பட்டறையில் லேத் ஓட்டுகிற மனுஷனுக்கு இது போதாதா? சக்கரம் ஓடுகிற சத்தத்தை வைத்தே மணி எங்கே வருகிறது என்று சொல்லிவிடுவார். ஆரம்பத்தில் ஜெயிக்கவும் செய்தார், அதை நான் மறைக்கமாட்டேன். எங்கள் மகள் ரக்‌ஷிதாவுக்குக் கொலுசு வந்தது அந்தப் பணத்தில்தான்.

"இது அதிர்ஷ்டம் இல்ல பாஞ்சாலி, கைவேலை. மனுஷன் ஏமாத்துவான், மெஷின் ஏமாத்தாது" என்பார்.

பார்லர் முதலாளி ஆம்ப்ரோஸ் ஒன்றும் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவன் இல்லை. பழைய மெஷினை எல்லாம் தூக்கிவிட்டுப் புதுசு இறக்கினான். பட்டன் அதே பட்டன், படம் அதே படம், உள்ளே மட்டும் வேறு. அதற்கப்புறம் இவர் கைவேலை எதுவும் செல்லவில்லை. மணி நிற்கவேண்டிய இடத்தில் அடுத்த படம் வந்து நிற்கும். "ஒரு நூல்ல தப்பிச்சிடுச்சு" என்று வீட்டுக்கு வருவார். தினமும் அதே ஒரு நூல்தான். கொலுசு போனது, என் கம்மல் போனது. கார்மென்ட்ஸில் நான் முதுகு ஒடியத் தைத்துக் கொண்டுவந்த சம்பளமும் அதே வழியில் போனது.

ஒருநாள் துணிமணியைப் பையில் திணித்தேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஈஜிபுராவில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு. அவர் சண்டை போடவில்லை.

"நாளைக்குப் போ. இன்னைக்கு மத்தியானம் சும்மா என்கூட வந்து பாரு" என்றார்.

அது சூதாட்டம் என்று சொல்லி இந்த மாதிரி பார்லர்களைப் போலீஸ் மூடிக்கொண்டிருந்த சமயம். இல்லை, இது திறமை விளையாட்டு என்று ஆம்ப்ரோஸ் கோர்ட்டுக்குப் போயிருந்தான். அதிகாரிகள் நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. திறமையைக் காட்ட ஆள் வேண்டுமே, இவரைப் பிடித்திருந்தான்.

போனேன். இவர் இஸ்திரி போட்ட சட்டையில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அதிகாரிகள் பின்னால் நின்றார்கள். டக், டக், டக். மூன்று மணி. மறுபடி போட்டார், மறுபடியும் மூன்று மணி. டோக்கன் கொட்டுகிற சத்தத்தில் கவுன்டரில் இருந்த நோராகூட எட்டிப் பார்த்தாள். ஓர் அதிகாரி குனிந்து இவர் விரலையே கவனித்தார். அடுத்ததும் விழுந்தபோது நான் இடம் பொருள் மறந்து கை தட்டிவிட்டேன், சர்க்கஸ் பார்க்கிற பிள்ளை மாதிரி. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்துவிட்டேன்.

பார்லரை யாரும் மூடவில்லை. அதற்கப்புறம் இவர் லேத் வேலையை விட்டார். டிபன் பாக்ஸோடு ஆபீஸ் போகிற மாதிரி பார்லருக்குப் போனார். தோற்றுவிட்டு வந்தால் நானே சமாதானம் சொன்னேன். கண்ணால் பார்த்தவள் ஆயிற்றே! இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

பிறகு நோரா அந்த வேலையை விட்டுவிட்டு எங்கள் கார்மென்ட்ஸுக்கே செக்கிங்கில் வந்து சேர்ந்தாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் பெருமையாக அந்த மத்தியானத்தைப் பற்றிப் பேசப்போக, அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதா? ஆபீசருங்க வர்றாங்கன்னு அன்னைக்கு மட்டும் அந்த மெஷினை விழற மாதிரி வெச்சிருந்தாங்க. யார் அமுக்கினாலும் விழும். காலையில நான்கூட அமுக்கிப் பார்த்தேன், எனக்கும் விழுந்துச்சு. மத்த நாள்ல டோக்கன் போட்டதுமே மெஷின் முடிவு பண்ணிடும்க்கா. பட்டன் சும்மா ஷோவுக்கு."

சாயங்காலம் வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும். ஏமாந்த ஆத்திரம் ஒரு பக்கம், ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமும் இருந்தது. இதைக் கேட்டால் மனுஷன் தெளிந்துவிடுவார், எங்கள் பீடை விட்டது என்று நினைத்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"எப்போலருந்து?"

"அன்னைக்கே. ரெண்டாவது ஆட்டத்துல கை தவறிச் சீக்கிரம் அமுக்கிட்டேன். அப்பவும் மணிதான் வந்து நின்னுச்சு."

"தெரிஞ்சுமா அந்த எழவு மெஷின்ல எல்லாத்தையும் கொண்டுபோய்க் கொட்டின?"

அவர் தட்டைப் பார்த்தபடி பேசினார். "நீ கை தட்டின பாஞ்சாலி. என்னை ஒருநாளும் நீ அப்படிப் பார்த்ததில்ல. அது பொய்னு எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு வாட்டி நிஜமாவே விழ வெச்சு, உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிடணும்னுதான்..."

திட்டுவதற்காகத் திறந்த வாயில் அழுகைதான் வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கு எந்த மணியும் வேணாம்யா. நாளைக்குப் பட்டறைக்குப் போ. நீ லேத் ஓட்டறப்ப நான் வந்து கை தட்டறேன், போதுமா?"

எச்சில் கை காய்கிறவரை யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"இன்னும் கொஞ்ச நாள்" என்றார். "நெருங்கிட்டேன். ஒரு நூல்தான்."

அதோடு எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. அந்த மெஷினை ஜெயிக்க அவராலும் முடியாது, அவரை ஜெயிக்க என்னாலும் முடியாது என்று தெரிந்துவிட்டது. அவர்மேல் அன்று இருந்த அளவு ஆசை எனக்கு என்றுமே இருந்ததில்லை, அதுதான் கொடுமை.

மறுநாள் காலையில் ஈஜிபுரா போகிற பஸ்ஸுக்கு அவரே பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரக்‌ஷிதாவை ஜன்னலோரம் உட்காரவைத்தார். "ரோடு பார்த்து இறங்குங்க" என்றார். பஸ் நகர்ந்தபோது கையைத் தூக்கி ஆட்டினார். பிள்ளையும் ஆட்டினாள். நான் என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். தூக்கியிருந்தால் இறங்கியிருப்பேன்.