முதல் கையெழுத்து

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு காலத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொன்னால் எனக்கே குமட்டுகிறது. பாண்டிச்சேரியில் எங்கள் லெத்துவால் மில்லில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் பஞ்சு வாருகிற கார்டிங் பிரிவில் இந்த அந்தோணியைத்தான் தேடி வருவார்கள். லீவு மனு, ரேஷன் கார்டு மனு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு மனு என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். எண்பத்தோராம் வருஷம் எழுதிய ஒன்றே ஒன்றை மட்டும் நினைக்கும்போதெல்லாம் அந்தக் கையை வெட்டிப் போடலாமா என்று இருக்கும்.

எங்கள் மில்லுக்கு ஒரு பேஸ்கட்பால் டீம் இருந்தது. வேலை செய்கிறவர்களே ஆடுகிற டீம். ஷிஃப்ட் முடிந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் மில்லுக்குப் பின்னால் இருந்த சிமென்ட் கோர்ட்டுக்கு ஓடுவார்கள். அதில் கேப்டன் சவரிராயன். குருசுக்குப்பத்துக்காரன், என் தங்கை சகாயசெல்வியின் புருஷன். வலை இழுத்து உரம் ஏறிய தோள் அவனுக்கு. ரிங்குக்குக் கீழே அவன் நின்றுவிட்டால் எதிராளி எம்பிப் பந்தைத் தொடுவது லேசான காரியம் இல்லை.

ஆட்டத்தில் கேப்டன், மில்லில் பதிலி. ஆறு வருஷமாகப் பதிலி. தினமும் காலை ஷிஃப்ட்டுக்குச் சோற்றுத் தூக்கோடு வாசலில் போய் வரிசையில் நிற்க வேண்டும். பர்மனென்ட் ஆள் எவனாவது வராமல் போனால் டைம்கீப்பர் ஒரு பதிலியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். எல்லாரும் ஒழுங்காக வந்துவிட்ட நாளில் அதே தூக்கோடு வீடு திரும்ப வேண்டியதுதான். மாதத்தில் பாதி நாள் அவன் திரும்பித்தான் வந்தான். என் வீட்டுப் பின்கட்டில் ஒரே அறை, அதில் அவனும் தங்கையும் இரண்டு பிள்ளைகளும்.

ஆனால் அந்த வருஷம் விடிந்துவிடும்போல இருந்தது. பதிலிப் பட்டியலில் சவரிராயன் நாலாவது ஆள். செப்டம்பருக்குள் கார்டிங்கில் நாலு பேர் ரிட்டையர் ஆகிறார்கள். பர்மனென்ட் ஆனால் மில்லின் லைன் வீடு கிடைக்கும். “இந்தக் கிறிஸ்மஸுக்கு லைன் வீட்டுலதாண்ணே குடில் வெப்பேன்” என்று என் தங்கை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் எங்களுக்கு ரோஷம் வந்தது.

எங்களுக்கு என்றால், மில் வாசலுக்கு எதிரே ராஜாங்கத்தின் சலூனில் தினமும் கூடுகிற கூட்டத்துக்கு. ஒருவனுக்கும் பந்தைத் தரையில் நாலு தட்டுத் தட்டத் தெரியாது. வாய் மட்டும் கோர்ட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நீளும். ஊரில் ஒரு பாங்க் டீம் இருந்தது. வெளியூரிலிருந்து பேர் பெற்ற ஆட்டக்காரர்களாகப் பார்த்து, கிளார்க் வேலை கொடுத்துச் சேர்த்த டீம். விடுதலைக் கோப்பை ஃபைனலில் மூன்று வருஷமாக அவர்களிடம்தான் நாங்கள் தோற்றோம். நாலாம் வருஷக் கோப்பைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு நாள் சலூனில் இடம் கொள்ளவில்லை.

“அது ஒரு டீமாடா? மெட்ராஸ்ல ரெண்டு, கோயமுத்தூர்ல ஒண்ணு, பெங்களூர்ல ரெண்டுன்னு பொறுக்கியாந்து நிறுத்திட்டு, பாண்டிச்சேரி டீமாம். தூ!” என்றான் அரிகிருஷ்ணன். ஸ்பின்னிங்கில் வேலை. தவளக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருகிறவன், பேசி முடித்துவிட்டுத்தான் திரும்புவான்.

“அவனுங்க பாங்க்ல வேலயா பாக்குறானுங்க? லெட்ஜர எந்தப் பக்கம் தொறக்கறதுன்னு கேட்டுப் பாரு, முழிப்பானுங்க” என்று ராஜாங்கம் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்.

இப்படி அரை மணி நேரம் காறித் துப்பினோம். அப்புறம் அதே வாயால், கூசாமல், யார் யாரை நாம் இழுக்கலாம் என்று ஆரம்பித்தோம். மெட்ராஸில் ரயில்வேக்கு ஆடுகிற தாமோதரன் ஆறடி நாலு அங்குலமாம், பெரிய சம்பளம் கேட்கமாட்டானாம். போலீஸ் டீமில் இருக்கிற ஒருவனுக்கு அங்கே பிடிக்கவில்லையாம், ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவானாம். இதெல்லாம் அரிகிருஷ்ணனுக்கு யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற நாராயணசாமி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்கிற சொல்தா என்ற பேரில்தான் அவரைக் கூப்பிடுவோம். அவர் மட்டும்தான் ஒரு கேள்வி கேட்டார்.

“அஞ்சு பேரும் பெரிய ஆளா இருந்தா பாஸ் எவன்டா குடுப்பான்? பந்து ஒண்ணுதான?”

“சொல்தா, நீங்க பிரான்ஸ்ல பார்த்ததெல்லாம் பழைய ஆட்டம். இப்ப பெரிய ஆளுங்கள அடுக்கினவனுக்குத்தான் கப்பு” என்று அவர் வாயை அடைத்தவன் நான்தான்.

மேனேஜ்மென்டுக்கு மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. பேப்பர் வந்தது, பேனா வந்தது, என் முன்னால் பலகையைத் துடைத்துப் போட்டார்கள். எழுத உட்கார்ந்தால் எனக்குத் தலைகால் புரியாது. ‘நமது ஆலையின் மானம் காக்க’ என்று தொடங்கி, வெளியூர் வீரர்களை வேலையில் சேர்க்க வேண்டும் என்று இரண்டு பக்கம் விளாசினேன். முடிக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. சவரிராயனும் வீரன்தானே? அவனுக்கும் உதவுமே என்று நானாக ஒரு வரி சேர்த்தேன்: ‘காலியிடங்களை நிரப்பும்போது பதிலி வரிசையைப் பாராமல் விளையாட்டு வீரர்களுக்கே முதலிடம் தர வேண்டுகிறோம்.’

நாலாவதாக நிற்கிறவன் முதலாவதாக வந்துவிடுவான் என்று என் புத்தி கணக்குப் போட்டது. நாலு இடம் இருக்கும்போது நாலாவது ஆளுக்கு எதற்கு முதலிடம் என்று கேட்க அந்தச் சலூனில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கேப்டன் கையெழுத்து முதலில் இருந்தால் கெத்தாக இருக்கும் என்றான் அரிகிருஷ்ணன். பேப்பரை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். சவரிராயன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“இன்னா மச்சான் இது?”

“டீம நல்லாக்கணும்னு எழுதிருக்கேன். உனக்கும் நல்லதுதான். போடு.”

“நீ எழுதினதுன்னா சரி” என்று சொல்லி, படிக்காமலே முட்டியின்மேல் வைத்துப் போட்டுக் கொடுத்தான். அதற்குக் கீழே இருநூறு பேர் போட்டார்கள்.

மனு கொடுத்தால் ஆறு மாதம் தூங்குகிற ஆபீஸ், இதற்கு மட்டும் இருபது நாளில் பதில் சொன்னது. தாமோதரன் வந்தான். அவனோடு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் மாலை போட்டு, ரிக்‌ஷாவில் ஏற்றி, நேரு வீதி முழுக்கப் பட்டாசு வெடித்துக் கூட்டிக்கொண்டு வந்தோம். நானும் தாமோதரன் பெட்டியைத் தலையில் தூக்கி வந்தேன். அந்த நாலு பேர் எந்த நாலு இடத்தில் உட்காரப் போகிறார்கள் என்பது அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. கார்டிங்கில் நாலு காலியிடம். நாலும் நிரம்பிவிட்டது.

சவரிராயன் நோட்டீஸை இரண்டு தரம் படித்தான். வரிசையில் அவனுக்கு முன்னால் இருந்த மூன்று பேரும் யூனியனுக்கு ஓடினார்கள். யூனியன் செயலாளர் கோவிந்தராசு, டீமுக்கு ஆள் கேட்டு மனு எழுதியவன் நான் என்பதால் என்னையும், டீம் கேப்டன் என்பதால் சவரிராயனையும் கூட்டிக்கொண்டு லேபர் ஆபீசர் அறைக்குப் போனார்.

“ஆறு வருசம், ஏழு வருசம் வாசல்ல நின்னவனுங்க சார் இவனுங்க. வரிசைய எப்படி நீங்க மீறலாம்?” என்று கோவிந்தராசு மேசையைத் தட்டினார்.

ஆபீசர் கோபப்படவில்லை. டிராயரைத் திறந்து என் மனுவை எடுத்து மேசையில் விரித்து வைத்தார். “நானா மீறினேன்? தொழிலாளிங்களே கேட்டு வாங்கினது. இந்த வரியப் படிங்க. எவ்ளோ தெளிவா எழுதியிருக்காரு பாருங்க. முதல் கையெழுத்து யாருது?”

கோவிந்தராசு படித்தார். சவரிராயனைப் பார்த்தார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சவரிராயன் அப்போதுதான் அந்த மனுவை முதல் தடவையாகப் படித்தான். எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரைக்கும் படித்தான். என் கையெழுத்து அவ்வளவு தெளிவாக இருந்தது. எங்காவது மை கொட்டி அழிந்திருக்கக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும், “எனக்கு நல்லதுன்னுதான மச்சான் எழுதின?” என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.

“தெரியும்” என்றான். அடித்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆடுகிற ஐந்து பேரிலிருந்தும் அவனை எடுத்துவிட்டார்கள். பெயருக்கு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த வருஷம் செமி ஃபைனலில் தாமோதரன் ஐந்து ஃபவுல் செய்து வெளியேறியதும், வேறு ஆளில்லாமல் சவரிராயனை இறக்கினார்கள். பழகாத ஆட்கள். அவன் வெட்டி ஓடிய இடத்துக்கு ஒருவனும் பந்து கொடுக்கவில்லை. கடைசியில் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்டான். “யார்ரா அவன்? தூக்குடா வெளிய!” என்று எங்கள் கூட்டம் ஊளையிட்டது. போன வருஷம் இதே செமி ஃபைனலில் ஜெயித்ததும் அவனைத் தோளில் தூக்கி ஆடிய கூட்டம். அந்தச் சத்தத்தில் என் சத்தமும் இருந்தது. தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் என்னை அறியாமல் கத்தினேன் என்று நான் பாதிரியாரிடம்கூடச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எதிர்ப் பக்கத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்த என் தங்கை, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

அந்த வருஷம் கோப்பை எங்களுக்குத்தான். பாங்க் டீமை முப்பத்திரண்டு பாயின்ட் வித்தியாசத்தில் அடித்தோம். இரண்டாவது பாதியில் சொல்தா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

இதைவிட அசிங்கம் ஒன்று இருக்கிறது. தாமோதரன் கார்டிங்கில் பர்மனென்ட், ஆனால் ஒரு நாளும் மெஷின் பக்கம் வந்ததில்லை. பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவான், டீ குடிப்பான், கோர்ட்டுக்குப் போய்விடுவான். மெஷின் சும்மா நிற்க முடியுமா? ஒவ்வொரு நாளும் அவனுக்குப் பதில் ஒரு பதிலியைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த மெஷின் பழகியவன் என்று டைம்கீப்பர் கூப்பிட்டது சவரிராயனை. என் மெஷினுக்கு அடுத்த மெஷின். தினமும் காலையில் வாசலில், “தாமோதரனுக்குப் பதில் சவரிராயன்” என்று சத்தமாகக் கூப்பிடுவார். அவன் தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே வருவான். வரிசையில் நின்ற மற்றவர்கள் அவன் அதிர்ஷ்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

கிறிஸ்மஸ் வந்தது. லைன் வீடு தாமோதரனுக்குப் போயிருந்தது. என் தங்கை பின்கட்டு அறையிலேயே, அடுப்புக்குப் பக்கத்தில் குடில் வைத்தாள். நான் வைக்கோல் வாங்கிக்கொண்டு போனேன். வாங்கி வைத்துக்கொண்டாள், என்னை உட்காரச் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நானும் சவரிராயனும் ராஜாங்கத்தின் சலூனுக்குப் போனோம். அவன் ஷேவ் செய்துகொள்ள நாற்காலியில் உட்கார்ந்தான். பாங்க் டீம் பஞ்சாபிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவருகிறதாம், ஆறடி எட்டு அங்குலமாம். கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது.

“கூலிப்பட வெச்சு ஆடுறானுங்க, வெக்கங்கெட்டவனுங்க” என்றான் அரிகிருஷ்ணன். மூச்சு விடாமல் என் பக்கம் திரும்பினான். “அந்தோணி, நாமளும் இன்னும் ரெண்டு பேர இட்டாரணும். மார்ச்ல வைண்டிங்ல ரெண்டு எடம் காலியாவுது. பேப்பர எடு. உன் கையெழுத்துன்னா ராசி.”

அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: “தூ! நாமெல்லாம் மனுசனுங்களாடா? அங்க உக்காந்திருக்கானே, அவன் எடத்தத் தின்னது போதாதா?”

எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள். சவரிராயன் முகம் முழுக்க நுரையோடு கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராஜாங்கம் கத்தியை அவன் கன்னத்திலிருந்து விலக்கிக்கொண்டார்.

“எழுது மச்சான்” என்றான் சவரிராயன்.

“இன்னாடா சொல்ற?”

“ரெண்டு பேர் வந்தா ரெண்டு மெஷின் காலியா நிக்கும். வரிசைல என் பின்னால கொளஞ்சின்னு ஒருத்தன் நிக்கிறான், ஒரு மாசத்துல ஏழு நாள்தான் உள்ள போனான். அவனுக்கும் தெனம் வேல கெடைக்கும்ல.” அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். “வரிசைல நின்னு பர்மனென்ட் ஆவறதெல்லாம் இனிமே எங்க? பெரிய ஆளுங்க வந்தாத்தான் எங்களுக்கு மெஷினு.”

என்னால் பேனாவைத் தொட முடியவில்லை. அரிகிருஷ்ணனே எழுதினான், வரிக்கு நாலு பிழையோடு. எழுதி முடிக்கிற வரைக்கும் சவரிராயன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் காத்திருந்தான். இந்தத் தடவை முழுக்கப் படித்துப் பார்த்தான். படித்துவிட்டு மேலே கையெழுத்துப் போட்டான். பேனாவை என்னிடம் நீட்டினான்.

இரண்டாவது கையெழுத்து என்னுடையது.