மூன்றாம் வரிசை ஈட்டி

டணாரென்ற சத்தத்தில் பட்டறைப் பூனை பாய்ந்து ஓடியது. ஒரெஸ்தே எறிந்த ஈட்டி, வைக்கோல் பொம்மைக்கு மூன்றடி முன்னாலேயே கல்லில் மோதி விழுந்தது. அதன் ஒல்லியான இரும்புக் கழுத்து வளைந்துவிட்டது.

ஒரெஸ்தே வலது தோளைப் பிடித்துக்கொண்டார். குளிர்காலத்தில் அறுவை சிகிச்சை செய்த தோள். ஞாயிற்றுக்கிழமை ரோம் நகரின் பிறந்தநாள் அணிவகுப்பு. அதற்கு முன் பதினைந்து தப்படி தூரம் எறிந்து காட்டாத வீரனுக்கு எறியும் வரிசைகளில் இடமில்லை என்பது, பழங்கால ரோமானியப் படைவீரர்களாக வேஷம் கட்டி நடக்கும் அவர்கள் குழுவின் கறார் விதி. இருபது வருடமாக இரண்டாம் வரிசையில் நின்றவர் அவர். தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றுகூட இப்படிக் கலங்கியதில்லை.

எடை குறைந்த அலுமினியத்தில் ஒன்று செய்து இரும்பு நிறம் பூசித் தர முடியுமா என்று கொல்லர் துயிலியோவிடம் தணிந்த குரலில் கேட்டார். துயிலியோ மறுத்துவிட்டார். குழுவில் சோதிக்கிறவர் ஒவ்வொரு ஈட்டியையும் சாவியால் தட்டிப் பார்ப்பார். சத்தத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

வாசலில் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்த ஒரெஸ்தேயின் மனைவி நீவெஸ் உள்ளே வந்தாள். இந்தத் தகர வேஷம் எப்போது கலையும் என்று வருடம் தவறாமல் கிண்டல் செய்கிறவள். சுவரோரம் ஆளுயரத்துக்கு மேல் நின்ற, இலை போல் அகன்ற முனையுள்ள ஈட்டியைத் தொட்டாள்.

"இதை எடுத்துக்கோ."

"அது குத்தீட்டி. எறியறதில்ல."

"அதனாலதான் சொல்றேன். உங்களோடது பழைய ரோமக் குடியரசுக் காலத்துப் படைதானே? மூணாவது வரிசைக்காரன் ஒரு காலை மண்டி போட்டு, இதைச் சாய்ச்சுப் புடிச்சுக்கிட்டுக் காத்திருப்பான். அவனை எறியச் சொல்லி எவன் கேப்பான்?"

துயிலியோ அசந்துபோனார். அவள் சொன்னது அத்தனையும் சரி. அது வயதான வீரர்களின் வரிசை என்பதால் கிழட்டு ஈட்டி என்று குழுவில் கேலி செய்வார்கள், ஒரெஸ்தே கோபித்துக்கொள்வாரே என்றுதான் அவர் வாயைத் திறக்கவில்லையாம்.

ஒரெஸ்தே அதை இடுப்பளவில் தாங்கிப் பார்த்தார். தோள் வலிக்கவில்லை. ஆனாலும் முகம் சுண்டிப்போயிற்று. கடைசி வரிசையில் மண்டி போட்டிருப்பவனை யார் பார்க்கப் போகிறார்கள் என்று முணுமுணுத்தார். பிறகுதான் உறைத்தது.

"ஆமா, உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

நீவெஸ் அவர் தோளில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள்.

"இருபது வருஷமா கூட்டத்துல ஒளிஞ்சு நின்னு உன்னைத்தானே பாத்துட்டு இருக்கேன், கிழவா. ஈட்டிங்க பறக்கிறப்போ மட்டும் பயத்துல கண்ணை மூடிக்குவேன். இந்த வருஷமாவது உன்னை முழுசாப் பாக்க விடு."