தளபதி சாப்பிட்டான்

"கடைசியா என்ன சாப்பிட்டாரு?" என்று டாக்டர் கேட்டார். சான்றிதழ்த் தாளை முழங்காலில் வைத்துப் பேனாவைத் திறந்திருந்தார்.

"ஒண்ணும் சாப்பிடல," என்றாள் அம்மா.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். பச்சைப் பொய். காலையில் அவள் எழுந்து வந்தபோது அம்மா அடுப்படித் தொட்டியில் கஞ்சிக் கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுவி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைத்த பிறகுதான், "அப்பா போயிட்டாருடி" என்றாள். அழவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை.

"இதயம் நின்னுருக்கு. தூக்கத்துலயே போயிருப்பாரு. படுக்கையில கிடந்து அவஸ்தைப்படாத சாவு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டர் எழுந்தார். தூக்கத்தில் போகிற மனுஷனுக்குக் கஞ்சி எதற்கு? மகளுக்கு அது மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அப்பா நாற்பது வருஷம் சரக்குக் கிடங்கில் மூட்டைகளைச் சரிபார்த்தவர். சந்தேகப்படுவதுதான் உத்தியோகம். "உங்கப்பா எறும்பு ஊர்ந்தாக்கூட யாரு அனுப்பினதுன்னு கேப்பாரு" என்று மாமா கிண்டலடிப்பார். சர்க்கரை நோய் கண்ணைப் பறித்த பிறகு அந்த உத்தியோகம் வீட்டுக்குள் வந்துவிட்டது. மாத்திரையே வேண்டாம் என்று அவர் அடம்பிடித்த ஒரு நாள், அம்மா அதைப் பொடித்துக் கஞ்சியில் கலந்துவிட்டாள். நல்லதுக்குத்தான் செய்தாள். கசப்பு நாக்கில் பட்டதும் அவர் கிண்ணத்தைத் தள்ளினார். அன்றோடு சரி. இரண்டு வருஷமாக மனைவி கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. சமைப்பவள் அம்மாதான், ஆனால் மகள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நான் சாப்பிட்டாச்சுப்பா" என்று சொல்லி அவர் கையில் கொடுக்க வேண்டும்.

அந்த இரண்டு வருஷமும் அவர் ஒரு நாவல் சொல்லிக்கொண்டிருந்தார். வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டான மகள் சாயங்காலம் வந்து தட்டச்சு செய்வாள். முற்றுகையில் ஒரு கோட்டை. உள்ளே ஒரு தளபதி. வெளியே இருக்கும் எதிரி அம்பு விடுவதில்லை, ஏணி சாத்துவதில்லை. தினமும் மதிலடியில் மூடிய பானையில் சோறு வைத்துவிட்டுப் போகிறான், அவ்வளவுதான். விஷம் என்று தளபதி அதைத் தொடுவதில்லை. எதிரிக்கு முகமே கிடையாது. நடந்து வரும் சத்தம் மட்டும் உண்டு.

"அந்த எதிரி அம்மாதானேப்பா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"போடி பைத்தியம். சண்டையே கோட்டைக்குள்ளதான். சாப்பிடுடா, சாப்பிடாதடான்னு அவனுக்குள்ளயே ரெண்டு படை. வெளியில இருக்கிறது வெறும் கூடாரம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ அடுப்படில இருக்காளா?" என்றார்.

நேற்று அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அந்த அரைமணி நேரத்தில் அப்பாவின் தளபதி கயிறு விட்டுப் பானையை மேலே இழுத்தான். சாப்பிட்டான். "இன்னிக்கு இது போதும்" என்று அப்பா நிறுத்திக்கொண்டார். விடிந்தால் அவர் இல்லை.

மகள் மருந்து அலமாரியைத் திறந்து அம்மா நேற்று வாங்கி வந்த மாத்திரை அட்டையை எண்ணினாள். எல்லாம் இருந்தன. சரி, பழைய அட்டை? அதிலும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. பெற்றவளைப் போய் இப்படி நினைக்கிறோமே என்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

கூடத்தில் உறவுக்காரப் பெண்கள் அப்பாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மாமா வண்டிக்குப் போன் செய்துகொண்டிருந்தார். மகள் அம்மா நின்றிருந்த அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"காலைல அப்பாவுக்கு என்ன குடுத்தே?"

"கஞ்சி."

"டாக்டர்கிட்ட ஏன் இல்லேன்னே?"

"நீ பக்கத்துல நின்னியே, அதான்." அம்மா திரும்பவில்லை. "அட்டையை எண்ணினே. சத்தம் கேட்டுச்சு. சரியா இருந்துச்சா?"

மகள் சாத்திய கதவில் சாய்ந்துகொண்டாள்.

"அவரே கூப்பிட்டாருடி. வெளுக்கிற நேரம். உன்னை எழுப்பவான்னு கேட்டேன். வேணாம், நீயே கொண்டான்னாரு. இன்னிக்குப் பார்த்தா என் கையால வாங்கணும்? வாங்கின கையோட போகணும்? கிண்ணத்தைப் பார்த்தா நீ என்ன நினைப்பேன்னு எனக்குத் தெரியாதா? அதான் கழுவிட்டேன்."

நம்பத்தான் ஆசையாக இருந்தது. காய்ந்து கிடந்த அந்தக் கண்கள்தான் விடவில்லை.

அம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறவள் போல நின்றாள். "ஒண்ணு கேக்கவா? நேத்து நான் கடைக்குப் போனப்போ கதை சொன்னாரா?"

மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கதை உனக்கெப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷமா இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டுதானே இருக்கேன். தினம் சோறு வச்சுட்டுப் போறது யாருன்னு எனக்கு ஒருத்தர் சொல்லணுமா?" அவள் குரல் இறங்கியது. "அவன் சாப்பிட்டானா?"

அம்மாவுக்குத் தெரியாது. தெரியாமலேதான் கஞ்சியைக் கொண்டுபோயிருக்கிறாள். அப்பா முதலில் தளபதியைச் சாப்பிட வைத்துப் பார்த்திருக்கிறார். ராத்திரி முழுக்கப் படுத்து யோசித்திருக்கிறார். பிறகுதான் இவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

"சாப்பிட்டான்மா."

"ஏதாச்சும் சொன்னானா?"

நல்லதாக நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மகள் தட்டச்சு செய்ததைத்தான் சொன்னாள். "உப்பு பத்தலைன்னான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்குள்ளிருந்து சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"எங்கிட்டயும் அதேதான்டி. ரெண்டு வாய் குடிச்சாரு. உப்பு பத்தலைன்னாரு. இந்தா வரேன்னு எழுந்து வந்தேன். நாலு எட்டுதான். எடுத்துக்கிட்டுத் திரும்பறதுக்குள்ள..."

வெளியே வண்டி வந்து நின்றது. மாமா இருவரையும் கூப்பிட்டார். அடுப்பு மேடையில் உப்பு ஜாடி காலையிலிருந்து திறந்தே கிடந்தது. அம்மா மூடியை எடுத்துத் திருகினாள். மரை பிடிக்கவில்லை. மகள் ஜாடியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா மறுபடி திருகினாள்.