தாலி கட்டின ரோல்

கல்யாண போட்டோ எடுக்கிறவன் வாயில் வரவே கூடாத பேச்சு ஒன்று உண்டு: 'படம் விழல.' சாப்பாடு தீர்ந்துபோனால் மறுபடி உலை வைக்கலாம். மேளக்காரர் வராவிட்டால் டேப் ரெக்கார்டரைப் போட்டுச் சமாளிக்கலாம். தாலியை மட்டும் போட்டோக்காரனுக்காக இன்னொரு தடவை கட்டமாட்டார்கள். மேற்குத் தாம்பரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஞானஜோதி பதினாறு வருஷத்தில் ஒரு வீட்டிலும் அப்படிச் சொன்னதில்லை. அதில் அவனுக்குக் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், பெருமைப்பட அவனிடம் வேறு என்ன இருந்தது?

எண்பத்து நாலாம் வருஷம் ஆவணியில், ஒரு புதன்கிழமை காலை, அவன் மனைவி பியூலா மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அடக்கம் என்று சர்ச் சபையில் முடிவு செய்தார்கள். அதே மறுநாள் காலை ஏழரைக்குக் குரோம்பேட்டை மண்டபத்தில் கோவிலம்பாக்கம் ராஜகோபாலன் மகளுக்கு முகூர்த்தம். இரண்டு முறை நிச்சயம்வரை வந்து நின்றுபோன பெண். போட்டோவுக்கு ஞானஜோதியைத்தான் சொல்லியிருந்தார்கள்.

பெண்டாட்டியைப் பறிகொடுத்த அன்றைக்கு எவனாவது ஊரான் வீட்டுக் கல்யாணத்தை நினைப்பானா என்று கேட்பீர்கள். இவன் நினைத்தான். பியூலாவைச் சுற்றி உட்கார்ந்து அழ ஆள் இருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு ஆள் இல்லை.

எலக்ட்ரிக் ரயிலில் ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கித் தெரிந்த ஸ்டூடியோவையெல்லாம் தட்டினான். பெரிய முகூர்த்தம், ஒருவனுக்கும் கை ஒழியவில்லை. எல்லோரும் "ஐயோ பாவம்" என்றார்கள், எல்லோரும் டைரியைக் காட்டினார்கள். கடைசியில் பல்லாவரத்தில் பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைக்கிற சவுரிமுத்து அகப்பட்டான்.

"நான் சும்மாத்தான் கீறேண்ணா. கேமராதான் ரிப்பேருக்குப் போயிகீது. உங்க கேமராவக் குடுங்க, போதும். அந்த வூட்ல இன்னான்னு சொல்றது?"

"எனக்குக் காய்ச்சல்னு சொல்லு. சாவு வீட்டு கேமரான்னு தெரிஞ்சா மண்டபத்துக்குள்ளயே விடமாட்டாங்க."

சவுரிமுத்துவைக் கையோடு கூட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது பக்கத்து மருந்துக் கடையில் டிரங்க் கால் காத்திருந்தது. நாசரேத்திலிருந்து பியூலாவின் தங்கை யூனிஸ். பிள்ளை பெற்று ஐந்து நாள்தான் ஆகிறது, எழுந்து வர முடியாது. "அத்தான், அக்கா முகத்தையாவது எடுத்து அனுப்புங்க. நான் ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்று அழுதாள். அனுப்புகிறேன் என்றான். கல்யாண வீட்டுக்குக் கொடுத்திருந்த வாக்கோடு இது இரண்டாவது.

வேறொருவன் வந்து எடுத்திருக்க வேண்டிய படம். கிடைத்த ஒருவனைக் கல்யாணத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் இருக்கும்போதே ஞானஜோதி தானே எடுத்தான். ஊர்ப் பெண்களையெல்லாம் அழகாகக் காட்டியவன் தன் மனைவியை ஒரு குடும்பப் படத்துக்குமேல் எடுத்ததில்லை. இப்போது பன்னிரண்டு எடுத்தான். கேமராவைக் கொடுத்தனுப்ப வேண்டுமே, மீதி ரோலை விட்டுவிட்டுப் பிலிமை டப்பாவுக்குள் சுற்றினான்.

கட்டுப்படியாக வேண்டுமென்று நூறடிப் பிலிம் வாங்கித் தானே வெட்டிப் பழைய டப்பாக்களில் நிரப்புவான். எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கும். பிலிமை முழுக்க உள்ளே இழுக்காமல் முனையை வெளியே விட்டுவைப்பதும் அவன் பழக்கம். முனை நேராக இருந்தால் புதுசு, மடித்திருந்தால் எடுத்தது. அது ஒன்றுதான் அடையாளம்.

முனையை மடிக்க விரலை வைத்தபோது வாசலில் குரல் கேட்டது. "பெட்டி வந்துடுச்சுண்ணே." நாற்பது வயதில் பெண்டாட்டிக்குச் சவப்பெட்டி வந்து நிற்கிறது என்றால் எந்த விரல்தான் வேலை செய்யும்? கையிலிருந்ததை அப்படியே பைக்குள் போட்டுவிட்டு எழுந்து போனான். சவுரிமுத்து பையையும் கேமராவையும் வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

கல்யாணமும் நடந்தது, அடக்கமும் நடந்தது. சனிக்கிழமை சவுரிமுத்து நான்கு ரோல்களோடு வந்தான். "ஒரு கொறையும் இல்லண்ணா. தாலி கட்டறத மட்டும் பத்துப் பன்னெண்டு தட்டினேன்." ஞானஜோதி கழுவி, காயவைத்து, மூன்றாவது ரோலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தான்.

மாப்பிள்ளையின் கைகள் மணமகளின் கழுத்துக்கருகில் இருந்தன. அந்தக் கைகளுக்கும் தாலிக்கும் ஊடாகப் பியூலா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். தாடையைக் கட்டிய துணிகூடத் தெரிந்தது. முதல் பன்னிரண்டு படமும் அப்படித்தான். எடுத்த ரோலிலேயே சவுரிமுத்து மறுபடி எடுத்திருக்கிறான். அவனைச் சொல்லி என்ன பயன்? மடிக்காமல் விட்டது யார்?

திங்கட்கிழமை ராஜகோபாலன் வந்தார். "காய்ச்சல் தேவலையா ஜோதி? முதல்ல தாலி கட்டின படத்தக் காட்டுப்பா."

'படம் விழல சார்' என்று சொன்னால் போதும். திட்டுவார், முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார், ஊரெல்லாம் சொல்வார். பியூலாவின் முகம் தங்கிவிடும். மணப்பெண்ணின் கழுத்து நடுவில் இருந்தால் என்ன, யூனிஸுக்கு அக்காவைத் தெரியாதா? எல்லாம் யோசித்து வைத்திருந்தான். வாயைத் திறந்தால் அந்தப் பேச்சு மட்டும் வரவில்லை. பதினாறு வருஷத்துப் பாழாய்ப்போன கர்வம் விடவில்லை. "படமெல்லாம் விழுந்திருக்கு சார்" என்று சொல்லி, அடித்து வைத்திருந்த ஒரு பிரதியை நீட்டினான். நடந்ததையும் சொன்னான்.

ராஜகோபாலன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. "உன் சம்சாரமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். அப்புறம் குரல் இறங்கியது. "இத எரிச்சிடு ஜோதி. பிலிமோட எரிச்சிடு."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் விட்டுடுங்க சார். அவ தங்கச்சிக்கு அனுப்பணும். அவ கடைசி முகம் எங்கிட்ட வேற இல்ல."

"அதுல எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறுது. அதுமேல பொணம் கிடக்கு. எந்தத் தகப்பன் அத விட்டுட்டுப் போவான்? நீயே சொல்லு."

அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார், அழுதுகொண்டே கும்பிட்டார். ஸ்டூடியோவின் பின்பக்கம் ஒரு தகர டப்பாவில் ஞானஜோதியே தீக்குச்சி கிழித்துப் போட்டான். பிலிம் சுருண்டு, நாற்றமெடுத்து உருகி முடியும்வரை ராஜகோபாலன் பக்கத்திலேயே நின்றார். அந்தப் பிரதியைக் கடைசியாகத் தன் கையாலேயே போட்டார்.

அவர் போன பிறகு ஞானஜோதி ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்து மேசைமேல் விரித்தான். 'அன்புள்ள யூனிஸுக்கு' என்று ஆரம்பித்தான். பிறகு அடுத்த வரியை எழுதினான்.

'படம் விழவில்லையம்மா.'