ஏறிக்கொண்டிருந்த எண்

முப்பத்தொரு மணி நேரமாக அந்த எண் என் ஃபோனில் இருக்கிறது. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹட்டன் லேபிலிருந்து வந்தது. இப்போது வியாழன், மாலை நான்கு.

வயிற்றுப் புற்றுநோய்க்காரர்களின் இரத்தத்தில் பார்க்கிற எண். கட்டி வெளிவிடும் ஒரு பொருளின் அளவு. ஊசி மருந்து வேலை செய்தால் இறங்க வேண்டும். அப்பாவுக்கு முதல் ஊசிக்கு முன் பதினொன்று. இரண்டு ஊசிக்குப் பிறகு பத்தொன்பது. கட்டி சாகும்போது அந்தப் பொருள் இரத்தத்தில் கொட்டும், சிலருக்கு முதலில் ஏறித்தான் இறங்கும் என்று படித்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டேன். அம்மா கேட்டபோதும், "ஏறியிருக்கு, பரவாயில்லம்மா" என்றுதான் சொன்னேன்.

நான்கு ஊசிக்குப் பிறகு முப்பத்தெட்டு.

நேற்றுப் பத்தரைக்குக் கண்டியிலிருந்து டாக்டர் கூப்பிட்டார். சிங்களத்தில், மெதுவாகச் சொன்னார். இந்த மருந்துக்குக் கட்டி அடங்கவில்லை என்று நினைக்கிறோம். வெள்ளிக்கிழமை ஊசிக்கு வரும்போது முதலில் ஸ்கேன் எடுத்துவிட்டு வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். தவறவிடாதீர்கள். அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

கிளினிக்கில் அவர் சொல்வதை அப்பாவுக்குத் தமிழில் சொல்வது எப்போதும் நான்தான்.

மத்தியானம் அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு வந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"வந்துருச்சா? எத்தன?"

"முப்பத்தெட்டு."

"போன தடவ?"

"பத்தொம்பது."

இருபத்தாறு வருடமாக அம்மா தராசுக்கு முன்னால் நிற்கிறார். பதினெட்டு கிலோ இருந்தால் முழுப் பேர், முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். அம்மாவுக்கு எண் என்றால் ஏற வேண்டியது.

"என்னங்க, டபுளாயிருச்சுங்க!" என்று அப்பாவிடம் கத்தினார்.

நான் வாயைத் திறந்தேன். அப்பா சிரித்தார். ஒரு மாதமாக அவர் சிரித்ததில்லை. மூடிக்கொண்டேன்.

அன்று மாலைக்குள் லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் தண்ணீர்ப் பீலிக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். நிறைந்திருந்த வாளியைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினேன். பல்கலைக்கழகத்தில் நான் வாங்கிய பட்டச் சான்றிதழ் சுவரில் இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் கூட்டினேன்.

இன்று அம்மா வேலைக்குப் போகவில்லை. மாரியம்மனுக்கு நேர்ந்திருந்த சர்க்கரைப் பொங்கல் அடுப்பில் கொதிக்கிறது. பக்கத்து வீட்டு மீனம்மா அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"என்ன நிஷாந்தி, அப்பாவுக்குச் சொகமாவுது, நீ என்னா கொழுந்துல கல்லக் கண்ட கணக்கப்பிள்ள மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?"

"ஒன்னுமில்லக்கா."

"படிச்சவங்களுக்குச் சிரிக்கச் சொல்லிக் குடுக்கலயோ?"

அம்மா சிரித்தார். நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன். பொங்கல் வழிந்தது. விறகை மறுபடி வெளியே இழுத்தேன்.

உள்ளே அப்பா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா மஃறூப் நானா... இல்ல இல்ல, வேன் வேணாம். நாளைக்கி நாங்க போகல. வேற ஹயர் இருந்தா எடுத்துக்கங்க."

நான் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"ஏம்ப்பா வேணாம்னீங்க?"

"நம்பர்தான் ஏறிருச்சுல்ல. ஒரு ஊசி விட்டா என்ன? அத ஏத்திட்டு வந்தா பத்து நாளு சோத்த மோந்து பாக்க முடியல. விரலெல்லாம் மரத்துப் போவுது." நகங்கள் கறுத்த கையை நீட்டிக் காட்டினார். "அடுத்த மாசம் பாப்போம். திங்கக்கெழம ஃபெக்டரிக்குப் போறேன்னு தோட்டத்துத் தொரைக்கிட்டயும் சொல்லிட்டேன்."

"போகணும்ப்பா."

"ஏன்?"

என் ஃபோனை எடுத்து அந்த எண்ணைப் பார்த்தேன். அம்மா கரண்டியோடு வாசற்படிக்கு வந்தார்.

"அவளுக்கு எப்பவும் பயம்ங்க. முப்பத்தெட்டுன்னு அவதான சொன்னா."

"சொன்னேம்மா. மிச்சத்தச் சொல்லல."

"என்னா மிச்சம்?"

அப்பா கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார். அவர் சிரிப்பு இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை. நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"மஃறூப் நானாவத் திருப்பிக் கூப்புடுங்கப்பா. காலைல வேன் வேணும். அந்த நம்பர் எறங்கணும்ப்பா, ஏறக்கூடாது. டாக்டர் நேத்தே சொல்லிட்டாங்க. இந்த மருந்துக்கு ஒங்க கட்டி கேக்கல."