பெரிய திரையில் ஓடிய படம்

"பெட்டி மேல அச்சடிச்சிருக்கறத நம்பாதீங்கண்ணே. அண்ணி எடுக்கற படம் ஏதாவது கொண்டாங்க, ஓட்டிப் பாத்தே வாங்கிக்கலாம்" என்று கடைக்காரன் ஃபரஜ் போனில் சொன்னான். மிலாத்தும் மனைவியின் மேசையில் கைக்குக் கிடைத்த பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். அவளிடம் சொல்லாமல், அவள் கம்ப்யூட்டரில் படம் தடங்கலின்றி ஓட ஒரு கிராபிக்ஸ் கார்டை வாங்கிப் போய் அசத்த வேண்டும் என்ற ஆசை. கேட்டிருந்தால் அவளே வேறொன்றை எடுத்துக் கொடுத்திருப்பாள்.

இப்திசாம் திரிப்போலியில் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படம் பிடிக்கிறவள். விருந்தாளிகளின் போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் வீடுகள்கூட அவளுடைய கேமராவை மட்டும் உள்ளே விடும். அவள் பிடித்ததை எந்த ஆணும் பார்த்ததில்லை. வெட்டி ஒட்டுவதும் அவளேதான். அப்போது கட்டின புருஷனுக்கே அந்த அறையில் இடமில்லை. ஆனால் பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு வெட்டுக்கும் முக்கி முனகியது. "இன்னொரு கல்யாணப் படம் தாமதமாச்சுன்னா ஒருத்தியும் கூப்பிட மாட்டா" என்று அழுதிருந்தாள்.

ஃபரஜ் முதலில் மாட்டிய கார்டில் படம் திக்கித் திக்கி நகர்ந்தது. கம்ப்யூட்டர் திரையின் மூலையில் சின்னச் சதுரத்தில் விளக்குகளும் மேசைப் பூக்களும் தெரிந்தன. கூடத்தின் அலங்காரம்தானே என்று மிலாத் நினைத்தான்.

"இது கேம் ஆடறவனுக்குப் போதும்ணே. பெரிய ஃபைலுக்கு மெமரிதான் முக்கியம்" என்று அடுத்ததை மாட்டினான் ஃபரஜ். இம்முறை தடங்கலே இல்லை. மிலாத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பெருசா போடு, பெருசா போடு!"

சுவரிலிருந்த பெரிய திரையில் மணப்பெண் கூந்தல் புரள, தோள் தெரிய ஆடினாள். கடையில் நாலைந்து ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். ஃபரஜ் பாய்ந்து வயரைப் பிடுங்கினான்.

"என்னண்ணே இது? யார் வீட்டுப் பொண்ணு?"

"தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன்டா."

நீலச் சட்டைக்காரர் ஒருவர் வாங்க எடுத்த கீபோர்டை அப்படியே வைத்துவிட்டு வெளியேறினார். கூச்சத்தில் போனாரா, பெண்ணை அடையாளம் தெரிந்து போனாரா? ஓடிப்போய்க் கேட்கலாமா? கேட்டால், தெரியாதவருக்கும் தெரிந்துபோகும். அவர் வாய் திறந்தால் இப்திசாமை எந்த வீடும் இனி வாசல்படி ஏற்றாது. அது போகட்டும், தன்னை நம்பி ஆடிய அந்தப் பெண்ணுக்கு அவள் என்ன பதில் சொல்வாள்? பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு வண்டியை ஓட்டினான்.

வீட்டில், அவன் வாங்கி வந்த கார்டுப் பெட்டியைப் பார்த்ததும் இப்திசாம் சின்னப் பிள்ளைபோலக் குதித்தாள். கார்டைப் பொருத்தி முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு திருகாணியாக முறுக்கினான். கடைசித் திருகாணியும் முடிந்தது.

"கெளம்புங்க, கெளம்புங்க. பொண்ணுங்க படம் போடப் போறேன். எட்டிப் பாத்தா கண்ணு அவிஞ்சுடும்!" சிரித்தபடி அவனைத் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே குலவைச் சத்தமும் பாட்டும் தடையில்லாமல் ஓடின.

"தண்ணியாட்டம் ஓடுதுங்க! இதுதான் எனக்குச் சரியா வரும்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

மிலாத்தின் கை கதவுக் கைப்பிடியில் இருந்தது. உள்ளே பாட்டு நின்றது. அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.