கரி லாரியின் பின்விளக்கு

இந்தக் காலத்து ஆட்களுக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோய்விட்டது. எல்லோரும் முன்னால் போக வேண்டும். முன்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும். பின்னால் ஒருத்தன் வருவானே, அவனும் உயிரோடுதானே இருக்கிறான் என்கிற நினைப்புக் கிடையாது. சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டு போகிறவன் சட்டென்று திரும்பிப் பின்னால் நிற்கிறவன் மூஞ்சியில் இடிக்கிறான். இடித்துவிட்டு, "ஏன் அங்க நிக்கறே?" என்று நம்மையே கேட்கிறான். ஆட்களே இப்படியென்றால் அவர்கள் வைத்திருக்கிற வண்டி எப்படி இருக்கும்?

என் அக்காள் மகன் அருணாசலத்தின் லாரி அப்படித்தான் இருந்தது. முன்னால் கொட்டாங்கச்சி கவிழ்த்த மாதிரி ரெண்டு பெரிய லைட்டு. பின்னால் ஒன்றும் கிடையாது.

அது சின்ன லாரி. முன்னால் ரெண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. வேறொரு மலையில் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டித் தேய்த்து, இனி ஆகாது என்று தள்ளிவிட்ட பிறகு அருணாசலம் கொண்டுவந்து அடிவாரத்துக் காரவள்ளியில் நிறுத்தினான். எங்கள் மலைக்கு மேலே லாரி போகிற ரோடு ஏது? மலைக்காரர்கள் மிளகும் பலாப்பழமும் தலையில் சுமந்து அடிவாரத்துக்கு இறக்குவார்கள். அங்கிருந்து சேந்தமங்கலம் சந்தைக்கு இவன் ஏற்றிக்கொண்டு போவான். வந்தபோது அதன் வாலில் சிவப்புக் கண்ணாடி போட்ட எண்ணெய் விளக்கு ஒன்று இருந்தது. நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிறகு உலகச் சண்டை வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் என்றார்கள், கூப்பன் இருந்தாலும் பெட்ரோல் இல்லை என்றார்கள். எல்லா லாரிக்காரர்களையும் போல இவனும் ஆள் உயரத்துக்கு ஒரு தகர அடுப்பைப் பின்னால் பொருத்தினான். அதில் கரியைப் போட்டு எரித்தால், அந்தப் புகையில் எஞ்சின் ஓடும். அடுப்பு வைக்க இடம் வேண்டுமென்று அந்த எண்ணெய் விளக்கைக் கழற்றினான். கழற்றியது எங்கே போனது என்று அவனுக்கே தெரியாது.

"பின்னால வெளக்கு வேண்டாமாடா?" என்று அப்போதே கேட்டேன்.

"அடுப்பே எரியுது மாமா. அதுக்கு மேல ஒரு வெளக்கு எதுக்குங்க?" என்றான்.

ஓடுகிற வரைக்கும் அது சரிதான். சாம்பல் கதவின் இடுக்கில் செக்கச் செவேலென்று தெரியும். வண்டிக்காரர்கள் நாங்கள் அதைக் கண்டால் "அடுப்பு போகுது" என்போம். ஆனால் ஊதாத அடுப்பு எந்த வீட்டில் எரிந்திருக்கிறது? லாரி நின்றால் நெருப்பும் நீறு பூத்துத் தூங்கிவிடும்.

போன புரட்டாசியில் அதுதான் நடந்தது. எங்கள் வண்டிகள் சந்தைக்கு வரிசையாகப் போய் வரிசையாகத் திரும்பும். முன்வண்டிக்காரன் மட்டும் விழித்திருப்பான், மற்றவர்கள் படுத்துவிடுவார்கள். முன்வண்டியின் அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு தொங்கும். அதைப் பார்த்து அடுத்த வண்டி மாடு நடக்கும். அந்த வண்டி விளக்கைப் பார்த்து அதற்கடுத்தது. என் தகப்பன் காலத்திலும் இதே பழக்கம்தான். அன்றைக்கு முன்வண்டி என் மகன் சாமியப்பனுடையது. அவன் தூங்கவில்லை. பொழுது மங்கின நேரம், தூறல். புளியமரத்தடியில் நெருப்பு அணைந்த லாரியை நடு ரோட்டில் நிறுத்திவிட்டு, எஞ்சினுக்குத் தண்ணீர் மொள்ள ஓடைக்கு இறங்கிப் போயிருந்தான் அருணாசலம். நுகத்தடி அடுப்பில் மோதியது. இடப்பக்கத்துக் காளைக்குக் கழுத்து ஒடிந்தது. ஏர்க்கால் திரும்பிச் சாமியப்பனின் வலது முழங்காலில் அடித்தது.

கட்டுப் போட்டுக் கால் கூடிவிட்டது. ஆனால் மடங்காது. நடந்தால் அந்தக் கால் வெளியே ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் தரைக்கு வரும்.

எங்களுக்கு இருப்பது வானம் பார்த்த காடு. சோளம் வந்தால் வரும், வராவிட்டால் வராது. வண்டிதான் சோறு போட்டது. அது வாசலில் மூக்குக் குத்திக் கிடந்தது. மருமகள் பழனாயியின் பிறந்த வீட்டில் ஒரு காளை கொடுத்தார்கள். ஜோடி சேர்ந்ததும் சாமியப்பன் மறுபடி சந்தைக்குப் போகிறேன் என்றான். பழனாயி வேண்டாம் என்றாள். அந்த லாரிக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பார்க்காமல் நீ ரோட்டில் ஏறக்கூடாது என்று நான் சொன்னேன். வண்டிக்காரர்கள் எல்லோரும் மாரியம்மன் கோயிலில் உட்கார்ந்து அருணாசலத்திடமும் அதையே சொன்னார்கள்: விளக்கில்லாவிட்டால் பொழுது இறங்கின பிறகு லாரி ஓடையைத் தாண்டக்கூடாது. முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டான்.

பங்குனியில் நாமக்கல்லிலிருந்து மெக்கானிக் குப்புசாமி வந்தான். வெயில் சாய்கிற வரைக்கும் லாரிக்குக் கீழே மல்லாந்து கிடந்தான். பெட்டியின் இரண்டு ஓரத்திலும் தகரம் வைத்து முறுக்கி, ரெண்டு கரண்டு லைட்டைப் பூட்டினான். சிவப்புக் கண்ணாடி, உள்ளங்கை அகலம். எந்த உடைந்த பஸ்ஸில் கழற்றியதோ.

"ஏன் ரெண்டு?" என்று கேட்டேன்.

"லாரி எவ்வளவு அகலம்னு பின்னால வாரவனுக்குத் தெரியோணுமுங்களே, பெரியவரே. இந்த லைட்டுக்கும் அந்த லைட்டுக்கும் நடுவுல லாரி."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கேட்க நியாயமாக இருக்கிற எதையும் நான் உடனே நம்புவதில்லை.

மலைமேல் வாழவந்தி நாட்டிலிருந்து மிளகு மூட்டையோடு இறங்கி வந்த மாணிக்கம், சுமையை இறக்கிவிட்டுத் தலைத்துணியால் கழுத்தைத் துடைத்தபடி வேடிக்கை பார்த்தான். "எங்க மலையில முன்னால போறவன் குதிகாலுதானுங்க பின்னால வாரவனுக்கு வெளக்கு" என்றான்.

"அவன் குழியில உழுந்தா?"

"நாங்களும் உழுவமுங்க. தொணைக்கு ஆளிருக்கும்."

அருணாசலம் சிரித்துக்கொண்டே எஞ்சினைக் கிளப்பினான். ரெண்டு லைட்டும் பற்றிக்கொண்டன. பழுத்த மிளகாய் மாதிரி நல்ல சிவப்பு. பொழுது இறங்கியிருந்தது, மலையின் நிழல் ரோட்டுக்கு வந்துவிட்டது. "பாத்துக்குங்க மாமா. இப்பவாச்சும் திருப்திங்களா?" என்றான்.

"நான் பாத்து என்னடா ஆவுது? மாடு பாக்கட்டும்."

சாமியப்பன் வண்டியைப் பூட்டி வந்திருந்தான். பழனாயியும் கூடவே வந்து வேலியோரம் நின்றாள், முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு. லாரியை ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சாமியப்பன் வண்டியைக் கூப்பிடு தூரம் பின்னால் ஓட்டிப் போய்த் திருப்பினான். அங்கிருந்து கத்தினான்.

"அப்பா, நான் படுத்துக்கறனுங்க. சந்தை ரோட்டுல வார மாதிரியே மாடு தானா வரட்டும்."

"படுக்காதீங்க!" என்றாள் பழனாயி.

"கவுறு கையில இருக்குது புள்ள. நீ கத்தாத, மாடு மெரளும்."

வண்டி வந்தது. சக்கரச் சத்தம் நிதானமாக வந்தது. நான் லாரிக்குப் பக்கத்தில் நின்று மாட்டின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். லைட்டைக் கண்டதும் ரெண்டு காளையும் காதைத் தூக்கின. சரி, நிற்கப் போகிறது என்று நினைத்தேன். நிற்கவில்லை. எட்டி நடந்தன. பிறகு ஓடின. லைட்டுக்கும் லைட்டுக்கும் நட்டநடுவில், அடுப்பைப் பார்த்து நேராக ஓடி வந்தன.

"புடிடா! புடி!" என்று குறுக்கே பாய்ந்தேன். சாமியப்பன் கயிற்றை இழுத்தான். பழனாயி வேலியைத் தாண்டி ஓடி வந்தாள். நுகத்தடி அடுப்பை உரசிக்கொண்டு நின்றது. புதுக்காளையின் மூக்கு தகரத்தில் பட்டுச் சுட்டுவிட்டது, அது தலையை உதறிக்கொண்டு கத்தியது.

சாமியப்பன்தான் வண்டியில் எழுந்து உட்கார்ந்து முதலில் சிரித்தான். வேர்த்துக் கொட்டியிருந்தது அவனுக்கு.

"பேட்டை வாசல்னு நெனச்சுப் போட்டதுங்கப்பா."

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. சேந்தமங்கலம் சந்தைப்பேட்டை வாசலில் ரெண்டு கல்தூண். ரெண்டிலும் விளக்கு எரியும். விடிவதற்கு முன்னால் போய்ச் சேருகிற மாட்டுக்கு அந்த ரெண்டு வெளிச்சம்தான் ஊர் வந்ததற்கு அடையாளம். நடுவில் நுழைந்தால் தண்ணீர்த் தொட்டி உண்டு, சோளத்தட்டு உண்டு, கழுத்திலிருந்து நுகத்தடி இறங்கும். அத்தனை தூரம் இழுத்த மாடு அதைக் கண்டால் ஓடாமல் என்ன செய்யும்? சிவப்பு, மஞ்சள் எல்லாம் மாட்டுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

எனக்கும் இது தோன்றவில்லை. மாடு வெளிச்சத்தைக் கண்டு மிரளுமோ என்றுதான் நான் பயந்திருந்தேன். ஆசைப்படும் என்று நினைக்கவில்லை.

குப்புசாமி தலையைச் சொறிந்தான். "மாட்டுக்கு லைட்டு போடறதுக்கு யாருங்க படிச்சிருக்காங்க?" என்று முனகிவிட்டு, ஒரு கோணிக் கிழிசலை எடுத்து இடது லைட்டின் மேல் கட்டினான். "இப்ப ஒண்ணுதான். பாப்பம்."

மறுபடி வண்டி பின்னால் போய்த் திரும்பி வந்தது. இந்தத் தடவை சாமியப்பன் படுக்கவில்லை, பழனாயி படுக்க விடவில்லை. மாடு ஒற்றை வெளிச்சத்தைப் பார்த்தது, நடை மாறாமல் வந்தது, லாரிக்கு ஒரு வண்டி நீளம் பின்னால் தானாக நின்றது. வரிசையில் முன்வண்டி நின்றால் நிற்குமே, அதே மாதிரி. நின்று அசைபோட ஆரம்பித்தது.

"ஆச்சு!" என்று அருணாசலம் தொடையில் தட்டினான். மாணிக்கம்கூட, "மாடு ஒத்துக்கிச்சுங்க, இனி மாரப்பய்யன் ஒத்துக்க வேண்டியதுதான் பாக்கி" என்று என்னைக் காட்டிச் சொன்னான்.

நான் லாரிக்கு முன்னால் போனேன். "எஞ்சினை நிறுத்து."

"எதுக்குங்க மாமா? மறுக்கா ஊதிக் கெளப்பறதுக்குள்ள தாவு தீந்து போகுமுங்க."

"நிறுத்துடா."

நிறுத்தினான். நான் பின்னால் வந்து நின்றேன். லைட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் லைட்டைப் பார்த்தேன். மிளகாய்ச் சிவப்பு மங்கி மாதுளந்தோல் நிறத்துக்கு வந்தது. அதற்கப்புறம் பீடி நுனி. கண்ணாடிக்குள்ளே ஒரு கம்பி மட்டும் புழு மாதிரி தெரிந்தது. அதுவும் போயிற்று. மாடுகள் அசைபோட்டபடி ரெண்டடி முன்னால் வைத்தன. சாமியப்பன் கயிற்றைப் பிடித்தான்.

"பேட்டரி பழசுங்க" என்றான் குப்புசாமி. "புதுசு சண்டை முடிஞ்சாத்தான். ஆனா லாரி ஓடிட்டே இருந்தா லைட்டு எந்நேரமும் தாங்குமுங்க."

"ஓடிட்டே இருக்கற லாரியில எவன்டா வந்து முட்டுவான்?"

குப்புசாமி தன் சாமான்களைப் பொறுக்க ஆரம்பித்தான். அருணாசலம் சொன்னான். "நிறுத்தற எடத்துல ஒரு அரிக்கேனைத் தொங்க உட்டுடறன் மாமா. சத்தியமா."

"மண்ணெண்ணெய்?"

"அது... எங்கங்க கெடைக்குது? உங்க வண்டிக்கே நீங்க வெளக்கெண்ணெய் ஊத்தித்தான ஓட்டறீங்க. நானும் எதாச்சும் பாத்து ஊத்தறன்."

ஓடைக்குத் தண்ணீருக்கு இறங்குகிற அவசரத்தில் இவன் விளக்கெண்ணெய் ஊற்றித் திரி ஏற்றித் தொங்கவிட்டுவிட்டுப் போவானாம். எண்ணெய் விளக்கு முன்னமே ஒன்று இருந்ததே, அதைக் கழற்றி எறிந்த அதே கைதானே இது?

சாமியப்பன் வண்டியிலிருந்து இறங்கினான். மடங்காத காலை முதலில் நீட்டி, ஊன்றி, அப்புறம் மற்ற காலை இறக்கினான். "முன்ன ஒண்ணுமே இல்லாததுக்கு இது தேவலைங்கப்பா. நாளைக்குச் சந்தைக்குப் போறனுங்க. மாணிக்கண்ணன் பலாப்பழம் ஏத்தறேன்னு சொல்லீட்டாரு."

"அந்த லைட்டு அணைஞ்சதைப் பாத்தியல்லடா?"

"பாத்தனுங்க."

"பாத்துட்டுமா?"

"ஊட்டுல சோளம் இல்லீங்க." புதுக்காளையின் சுட்ட மூக்கில் எச்சிலைத் தொட்டு வைத்தான்.

பழனாயி என்னைப் பார்த்தாள். நான் தடுப்பேன் என்று நினைத்திருப்பாள். வெளிச்சத்தைப் பார்க்காமல் போகக்கூடாது என்று சொன்னவன் நான்தான். வெளிச்சத்தைக் காட்டிவிட்டார்கள். இனி என்ன சொல்லி நிறுத்துவது? அவள் முந்தானையை உதறிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள். அவளும் எதையும் நம்பவில்லை. ஆனால் நாளைக்கு விடியும் முன்னே எழுந்து அவனுக்குக் கட்டுச்சோறு கட்டுவாள்.

அருணாசலம் ஊதுசக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்திருந்தான். அடுப்பில் நெருப்பு மெல்லச் சிவந்தது. ரொம்ப நேரம் இருமிவிட்டு எஞ்சின் கிளம்பியது. உடனே ஒற்றை லைட்டும் பற்றிக்கொண்டது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

"பாருங்க மாமா, வந்துருச்சு! எங்க போறீங்க? நின்னு பாத்துட்டுப் போங்க!"

நான் நடந்துகொண்டிருந்தேன்.

"மாமோவ்! இருட்டாயிருச்சு, உங்க முதுகுல ஒரு லைட்டுக் கட்டி உடட்டுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சாமியப்பன் சிரிப்பும் அதில் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் எஞ்சின் ஒருமுறை திக்கி, மறுபடி பிடித்தது. அடுத்த தடவை பிடிக்குமா என்று நின்று கேட்க எனக்கு மனசில்லை. ரோட்டை விட்டு வரப்பில் இறங்கி நடந்தேன்.